கட்டு வசதி

"யோவ், யாருய்யா அங்க? நான் உள்ள இருக்கேன்யா!"

குரல் சூப்பர்வைசருடையது. ஆள் தெரியவில்லை. அவருடைய அறைக்குள் நாற்பது கட்டு அட்டை, தரையிலிருந்து கூரை வரை, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் அடுக்கப்பட்டிருந்தது. அந்த அட்டைச் சுவருக்குப் பின்னால் எங்கோ அவருடைய மேஜையும், மேஜைக்குப் பின்னால் அவரும் இருக்க வேண்டும்.

லோடு தூக்குகிறவர் வாசலில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் 'புயல்' என்று பெயர். ஒரு மணி நேர வேலையை ஒரு நாளைக்கு இழுப்பவர் என்பதால் வந்த பெயர் அது. அன்றைக்கு மட்டும் என்ன வேகம் வந்ததோ, சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவில் அத்தனையையும் அடுக்கி முடித்துவிட்டார்.

"உள்ள ஆள் இருக்கிறது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். தூங்கிட்டிருந்தீங்க. எழுப்பக் கூடாதேன்னுதான் சத்தமில்லாம அடுக்கினேன்."

"உன்னை யாருய்யா இங்க அடுக்கச் சொன்னது?"

"நோட்டீஸ்ல போட்டிருக்கே சார்!"

போட்டுத்தான் இருந்தது. அறிவிப்புப் பலகையில், ஒரு புள்ளிகூடப் பிசகாத கையெழுத்தில்: 'இன்று முதல் கட்டுகள் அனைத்தும் மேற்பார்வையாளர் அறையில் வைக்கப்படும்.'

அது அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. இருபத்தைந்து அட்டை சேர்ந்தால் ஒரு கட்டு. ஷிப்டு தொடங்கியதிலிருந்து முடிகிறவரை 'கட்டு எண்ணியாச்சா, கட்டு ஏத்தியாச்சா, கட்டு நனைஞ்சிடுச்சா' என்பதுதான் அங்கே பேச்சு. அந்த இடத்தில் போய், காயத்துக்குப் போடுகிற கட்டைப் பற்றி நோட்டீஸ் எழுதி, அதில் காயம் என்ற சொல் எங்கும் தலைகாட்டாமல் பார்த்துக்கொண்டவர் ஆபீஸ் கிளார்க்.

அவரை எல்லாரும் 'அகராதி' என்றார்கள். அதற்குக் காரணம் இரண்டு. மேஜையில் செங்கல் கனத்துக்கு ஓர் அகராதி வைத்திருந்தார் என்பது ஒன்று. இரண்டாவது காரணம் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

விஷயம் ஆரம்பித்தது முந்தின வாரம். பேக்கிங் பிரிவில் ஒரு குறைப்புத்தகம் ஆணியில் தொங்கும். அதில் யாரும் எழுத மாட்டார்கள். எழுதினாலும் யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போன ஏற்பாடு. ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு மேடம் வருகிறார் என்று தகவல் வந்ததும், மேனேஜர் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து அகராதியின் மேஜைமேல் போட்டார்.

"இதுல என்னென்ன இருக்குன்னு பாத்து, எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க."

மூன்றே குறிப்புகள். ஒன்று, 'லைட் எரியல.' இரண்டு, 'ஃபேன் சுத்தல.' மூன்றாவது பேக்கிங் அக்காவின் கையெழுத்து. அங்கே வேலை செய்யும் முப்பத்திரண்டு பெண்களில் மூத்தவர் அவர். 'டிரெஸ்ஸிங்குக்கு வசதி இல்ல. ரொம்பக் கஷ்டமா இருக்கு. சீக்கிரம் ஏற்பாடு பண்ணவும்.'

அகராதி சரி பண்ணினார். 'லைட்' என்பதை அடித்துவிட்டு 'விளக்கு' என்று எழுதினார். 'ஃபேன்' என்பது 'மின்விசிறி' ஆயிற்று. 'டிரெஸ்ஸிங்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்குப் பல் கூசியது. சிவப்பு மையால் இரண்டு தடவை அடித்து, மேலே 'கட்டு' என்று எழுதினார். விளக்கு எரியவில்லை. மின்விசிறி சுற்றவில்லை. ஆனால் தமிழ் சரியாகிவிட்டது.

மேனேஜர் திருத்திய பிரதியைப் படித்தார்.

"கட்டு வசதி இல்லையா? அப்படின்னா என்னய்யா?"

"காயத்துக்குப் போடற கட்டு சார். அட்டை விளிம்பு தினம் ரெண்டு பேரு விரலையாவது கிழிச்சிடுது."

"நியாயம்தான்" என்றார் மேனேஜர். அவர் பேக்கிங் பிரிவுக்குள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. "மேடம் வந்தா மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. உடனே ஏற்பாடு பண்ணுங்க. பளிச்சுன்னு எழுதிப் போடுங்க."

ஏழு சுருள் துணி வந்தது. அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு சூப்பர்வைசரின் அறையில் வைத்தார்கள். பிறகு நோட்டீஸ் வந்தது. அதன் பிறகு நாற்பது கட்டு அட்டை வந்தது.

சூப்பர்வைசரை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எடுக்கிறபோது புயல் பழைய வேகத்துக்குத் திரும்பியிருந்தார்.

"இனிமே அந்த டப்பா என் ரூம் பக்கமே வரக் கூடாது!" என்று கத்திவிட்டுப் போனார் சூப்பர்வைசர்.

"ஒரு சொல்லு சேத்து எழுதினா என்னய்யா குறைஞ்சா போயிடும்?" என்றார் மேனேஜர். "காயம்னு ஒரு வார்த்தை போடுங்க."

அகராதிக்கு அது நியாயமாகப் பட்டது. டப்பாவைக் கொண்டுபோய் நடைபாதை ஜன்னல் மேடையில் வைத்தார். அதற்கு மேலே சுவரில், அழகான எழுத்தில் ஓர் அட்டை ஒட்டினார்: 'காயக் கட்டு இங்கே.'

மறுநாள் காலையில் நடைபாதையைக் கடக்க அவர் குனிய வேண்டியிருந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர்க் குழாய்வரை ஒரு கயிறு. கயிற்றில் தரை துடைக்கிற துணி ஆறு, துண்டு இரண்டு, மழைக்கோட்டு ஒன்று, யாருடையதோ காலுறை ஒரு ஜோடி. கயிறு தொய்யாமல் இருக்க ஒரு முனையில் பிஸ்கட் டப்பாவைப் பாரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"யாரு இங்க கயிறு கட்டினது?"

கூட்டித் துடைக்கிற அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் சார். காயக் கட்டு, இங்கேன்னு எழுதி வெச்சிருந்தீங்களே. துணி காயப்போட ஒரு எடம் குடுங்கன்னு மூணு வருஷமா கேட்டேன் சார். யாரும் காதுல வாங்கல. நீங்க நல்லாருக்கணும்."

"ஏம்மா, கட்டுங்கறது இங்க வினை இல்ல. பெயர்ச்சொல். காயத்துக்கான கட்டு."

"காயறதுக்கான கட்டுதானே சார்? நானும் அதையேதான் சொல்றேன்."

அகராதி அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்து பத்தொன்பது வருடம். ஒருவர் வந்து நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அதை அனுபவிக்க முடியாமல் அவிழ்க்கச் சொன்னார். அந்த அம்மா அவிழ்க்கவில்லை. "நோட்டீஸ் போட்டது போட்டதுதான் சார்" என்றார்.

அன்று மாலை வீட்டில் அவருடைய மனைவி ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளினிக்கில் நர்ஸ் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே காயம் கழுவி மருந்து போடுகிறவர். அகராதி எதிரே உட்கார்ந்து புத்தகத்தை விரித்தார்.

"கட்டுங்கற ஒரு சொல்லுக்கு இதுல நாப்பத்தோரு பொருள் இருக்கு. தெரியுமா உனக்கு?"

"எனக்கு ஒண்ணு தெரியும். உங்களைக் கட்டிக்கிட்டது."

"அது முப்பத்தி நாலாவது."

"ரொம்ப சந்தோஷம். அதுக்கு எதிர்ச்சொல் ஏதாவது போட்டிருக்கா, பாருங்க."

அகராதி பார்க்கவில்லை. "விளையாடாதே. உங்க கிளினிக்ல காயத்துக்குப் போடறதை என்னன்னு சொல்லுவீங்க?"

"டிரெஸ்ஸிங்."

"தமிழ்ல?"

"தமிழ்லயும் டிரெஸ்ஸிங்தான். வலியோட வர்றவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றாங்க. அகராதியைத் தூக்கிக்கிட்டு வர்றதில்ல."

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். படிக்காதவர்களோடு பேசிப் பயனில்லை என்று அகராதி நினைத்துக்கொண்டார். மனைவி அவரைவிட இரண்டு வகுப்பு அதிகம் படித்தவர்.

இரண்டு மணி நேரம் பக்கம் புரட்டியதில் ஒரு சொல் அகப்பட்டது. சின்னச் சொல். பழைய சொல். காயத்தின்மேல் மருந்து அப்பிப் போடுவதற்குப் 'பத்து' என்று பெயர். வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாத சொல் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் வேலைக்குப் போனதும் டப்பாவின் மூடியில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'பத்து.'

பதினோரு மணிக்கு ஸ்டோர் கீப்பர் இருப்பு சரிபார்க்க வந்தார். டப்பாவைத் திறந்தார். எண்ணினார். மூடியைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். நேராக மேனேஜரிடம் போனார்.

"சார், மூணு காணோம்."

"என்னது மூணு?"

"டப்பா மேல பத்துன்னு இருக்கு. உள்ள ஏழுதான் இருக்கு."

மேனேஜருக்கு ரத்தம் கொதித்தது. ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், காயத்துக்குப் போடுகிற துணியைக்கூட விட்டுவைக்காமல் திருடுகிறார்களா? விசாரணை ஆரம்பமாயிற்று. டப்பாவுக்கு அரக்கு வைத்து சீல் போட்டு, சாட்சிப் பொருளாக மேனேஜரின் பீரோவுக்குள் பூட்டினார்கள். மூன்று நாள் மாலையிலும் வாட்ச்மேன் ஒவ்வொருவருடைய பையையும் கொட்டிப் பார்த்தார். சாப்பாட்டு டப்பா, குடை, சீப்பு, மடித்து வைத்த நீல யூனிபாரம் என்று திரும்பத் திரும்ப அதேதான் வந்தது. புயலின் பையில் மட்டும் ஒரு தலையணை கிடைத்தது.

அகராதி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பத்து என்பது எண் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் மூன்று நாளாக வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அவரைத் தேடி வருவார்கள். நான்காம் நாள் ஸ்டோர் கீப்பரே கொள்முதல் சீட்டைத் தோண்டி எடுத்தார். வந்ததே ஏழுதான்.

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு அகராதியைக் கூப்பிட்டார்.

"பத்துன்னா என்னய்யா அர்த்தம்?"

அகராதி சொன்னார்.

"வேற சொல்லே கிடையாதா?"

"இருக்கு சார். புண்துணி."

"கேன்டீன் பக்கத்துல வெக்கப் போறோம். சாப்பிடறவன் படிக்க வேணாமா?"

"துணிக்கட்டு."

"மறுபடியும் புயல் வருவான்."

"சுற்றாடை."

"யாரு கட்டிக்கறதுக்கு? போங்கய்யா, போய் ஒழுங்கா யோசிங்க!"

அகராதி தன் இடத்துக்கு வந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பதினான்கு சொற்களை வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், விரல் கிழிஞ்சிடுச்சு."

அகராதியின் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா. சரியான நேரத்துல வந்திருக்கே. இப்ப உனக்கு என்ன வேணும்? யோசிக்காம ஒரே சொல்லுல சொல்லு."

"ரத்தம் வருது சார்."

"அது நிலைமை. நான் கேக்கறது தேவை."

"எதையாவது எடுத்துச் சுத்தணும் சார்."

"சுத்தணும்..." என்று குறித்துக்கொண்டார். "இது வினையா வருதே. பெயரா வர்ற மாதிரி சொல்லேன்."

"சார், சொட்டுது."

"பேப்பர் மேல படாம பாத்துக்கம்மா."

"அந்த டப்பாவுல துணி இருக்குமே சார்?"

"அதுக்கு சீல் வெச்சிருக்கு. விசாரணை முடிஞ்சாச்சு, ஆனா சீல் உடைக்கறதுக்கு இன்னும் உத்தரவு வரல."

அந்தப் பெண் அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த தாளை எடுத்து நாலாக மடித்து, விரலைச் சுற்றி இறுக்கிக்கொண்டு போய்விட்டாள். பதினான்கு சொற்களும் அவளோடு போயின. அந்த வாரம் முழுவதும் அவை செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

செய்தி மேனேஜருக்கு எட்டியது. எட்டவைத்தவர் சூப்பர்வைசர்.

"இதோ பாருங்க" என்றார் மேனேஜர். குரல் தாழ்ந்திருந்தது, அது நல்ல அறிகுறி அல்ல. "இன்னும் நாலு நாள். அதுக்குள்ள உருப்படியா ஒரு ஏற்பாடு ஆகலைன்னா, நோட்டீஸ் எழுதற வேலையை உங்ககிட்டேருந்து வாங்கிடுவேன்."

"வேற யாரு சார் எழுதுவா?"

"புயல் எழுதட்டும். அவனுக்கு எழுதவே நேரம் ஆகும். அதுவே நிம்மதி."

அகராதிக்குக் கண் இருட்டியது. சம்பளத்தைக் குறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த அறிவிப்புப் பலகையில் ஓர் ஒற்றுப்பிழை வருவதை உயிரோடு இருந்து பார்க்க அவரால் முடியாது.

"யாருக்காகப் பண்றோமோ அவங்ககிட்ட போய், என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேளுங்கய்யா" என்று சேர்த்துச் சொன்னார் மேனேஜர். இந்த யோசனை இத்தனை நாளில் யாருக்கும் வரவில்லை.

மதியம் கேன்டீனில் பேக்கிங் அக்காவும் மற்ற பெண்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அகராதி போய் இரண்டு பெஞ்சு தள்ளி நின்றார். 'கட்டு' என்று சொன்னால் சிரிப்பார்கள். 'டிரெஸ்ஸிங்' என்று சொல்ல நாக்கு வளையாது. ஆகவே இரண்டையும் தவிர்த்தார்.

"நீங்க புத்தகத்துல எழுதியிருந்தீங்களே... ஒரு வசதி. அது எப்படி இருந்தா உங்களுக்குத் தோதா இருக்கும்?"

அக்காவின் கை பாதியில் நின்றது.

"நெசமாவா சார் கேக்கறீங்க? செஞ்சு குடுக்கப் போறீங்களா?"

"ஆய்வுக்கு முன்னாடி வந்துடும்."

"அப்ப நல்லாப் பெருசா வேணும் சார். பேருக்குச் சின்னதா ஒண்ணை வெச்சுட்டுப் போயிடாதீங்க. முப்பத்தி ரெண்டு பேரு இருக்கோம்."

"பெரிசு" என்று எழுதிக்கொண்டார்.

"கதவு வேணும். தாழ்ப்பாள் முக்கியம்."

அகராதி தலையாட்டினார். நடந்து முடிந்த திருட்டு விசாரணை அவர்களையும் பாதித்திருக்கிறது. 'தாழ்ப்பாள் (திருட்டு பயம்)' என்று எழுதினார்.

"மாட்டறதுக்கு நாலஞ்சு கொக்கி."

'கொக்கி (சுருள்களைத் தொங்கவிட).'

"லைட் போட்டுடுங்க சார்."

'விளக்கு.'

"கண்ணாடி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்" என்றாள் விரல் கிழிந்த பெண், வெட்கத்தோடு. எல்லாரும் சிரித்தார்கள்.

அகராதி சிரிக்கவில்லை. சரியான யோசனை. 'கண்ணாடி (உள்ளே இருப்பது வெளியே தெரிய).'

"வேற ஏதாவது?"

"இதைச் செஞ்சாலே போதும் சார். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவோம்."

அவர் போனபின் அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்: "பாவம்டி, நல்ல மனுஷன். நாமதான் இவ்வளவு நாளா தப்பா நெனச்சுட்டோம்."

மனைவியின் தம்பி தச்சு வேலை செய்கிறவன். அகராதி பட்டியலை அவனிடம் கொடுத்தார். அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

"மாமா, இது பெட்டியா, பீரோவா?"

"முதலுதவிப் பெட்டி."

"பெட்டிங்கறீங்க. கதவு, தாழ்ப்பாள், லைட்டு, கொக்கி எல்லாம் கேக்கறீங்க. உள்ள யாரு குடியிருக்கப் போறாங்க?"

"முப்பத்தி ரெண்டு பேருக்கு வேணும்டா. பெரிசாச் செய்."

தம்பி பெரிதாகவே செய்தான். ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குச் செய்து, அவர்கள் வேண்டாம் என்று திருப்பிய கண்ணாடிக் கதவு ஒன்று அவனிடம் கிடந்தது. ஆறடி உயரம். அந்தக் கதவுக்கு ஏற்றபடி மற்றதை வளர்த்தான். ஆய்வுக்கு முந்தின நாள் காலையில் அது வேனில் வந்து இறங்கியபோது, வாட்ச்மேன் லிப்ட் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

இறக்குகிறபோது அகராதியும் ஒரு கை கொடுத்தார். அந்தக் கையைத்தான் கண்ணாடியின் விளிம்பு கிழித்தது. இடது உள்ளங்கையில் நீளமாக ஒரு கோடு. ரத்தம் முழங்கை வரை வழிந்தது. டப்பா இன்னும் மேனேஜரின் பீரோவில், சீல் உடையாமல் இருந்தது. மேனேஜர் வெளியே போயிருந்தார். அகராதி கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மனைவியின் கிளினிக்குக்கு ஓடினார்.

வரவேற்பில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

"இங்க கட்டுறது எங்க?" என்றார் அகராதி, மூச்சு வாங்க.

"பணமா? ரெண்டாம் நம்பர் கவுண்டர்."

"பணம் இல்லைங்க. கட்டு! கட்டுற எடம்!"

"ஓ, புது பில்டிங்கா? பின்னாடி கட்டிட்டிருக்காங்க. இந்த வழியா நேராப் போங்க."

தலை சுற்றியதில் அகராதி நேராகப் போனார். பின்பக்கம் நான்கு பேர் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அவருடைய கையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்ன சார் இது? உள்ள டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போங்க சார்!" என்றார்.

திரும்பி வந்தார். அப்போதுதான் கவனித்தார். நடைபாதையின் கோடியில் ஒரு கதவுக்கு மேலே 'டிரெஸ்ஸிங்' என்று பலகை. தலையில் அடிபட்ட ஒருவர், கால் வீங்கிய ஒரு பாட்டி, அழுகிற குழந்தையோடு ஒரு தாய் என்று ஒவ்வொருவராக வந்து, நிமிர்ந்து அந்தப் பலகையைப் பார்த்து, யாரையும் எதுவும் கேட்காமல் உள்ளே போனார்கள். ஒருவரும் வழி தவறவில்லை. ஒருவரும் செங்கல் பக்கம் போகவில்லை.

மனைவி கதவருகே வந்தார். கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"வலிக்குது."

"அது நிலைமை. தேவையைச் சொல்லுங்க." மூன்று நாள் முன்னால்தான் அந்தப் புதுப்பெண் தாள் சுற்றிய விரலோடு அங்கே வந்து போயிருந்தாள்.

அகராதி கண்ணை மூடிக்கொண்டார்.

"டிரெஸ்ஸிங்" என்றார்.

"கேக்கல."

"டிரெஸ்ஸிங்! டிரெஸ்ஸிங்! போதுமா?"

"உக்காருங்க."

ஐந்து தையல். மனைவி துணியைச் சுற்றிக்கொண்டே, "கையைக் கட்டினா மட்டும் போதாது. வாய்க்கும் சேத்து ஒண்ணு போட்டு விடட்டுமா?" என்று கேட்டார். அகராதி அது எத்தனையாவது பொருள் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் தொழிற்சாலைக்குத் திரும்பி, வலது கையால் தூரிகையைப் பிடித்து, அந்த ஆறடிப் பெட்டியின் நெற்றியில் தானே எழுதினார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய சொல்: 'டிரெஸ்ஸிங்.'

மேனேஜர் வந்து பார்த்தார். "இதை மொதல் நாளே எழுதியிருந்தா என்னய்யா?" என்றார்.

மறுநாள் காலை, ஷிப்டு தொடங்கும் நேரத்தில் ஆய்வு மேடம் வந்தார். மேனேஜர் அவரை நேராகப் பேக்கிங் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே பெட்டி ஒரு துணியால் மூடப்பட்டு நின்றது. சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர், புயல், கூட்டுகிற அம்மா எல்லாரும் சுற்றி நின்றார்கள். அகராதி கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

"தொழிலாளர்கள்கிட்டேயே நேரடியா கருத்துக் கேட்டு, அவங்க சொன்னது ஒண்ணுகூட விடாம செஞ்சிருக்கோம் மேடம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் துணியை இழுத்தார்.

பெட்டி பளபளத்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து கொக்கிகளில் ஏழு சுருள் துணியும் வரிசையாகத் தொங்கின. அந்தத் தொழிற்சாலையிலேயே ஒழுங்காக எரிந்த விளக்கு அதுதான்.

"பரவாயில்லையே!" என்றார் மேடம். "பெரிய கம்பெனிகள்லகூட இவ்வளவு பெருசா நான் பாத்ததில்ல."

அந்தச் சமயத்தில் பெண்கள் உள்ளே வந்தார்கள். யாரோ ஒருத்தி மேலே இருந்த எழுத்தைப் படித்தாள். "ஏய், வந்துடுச்சுடி!" என்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் முப்பத்திரண்டு பேரும், கையில் பையோடு, பெட்டிக்கு முன்னால் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். முகங்களில் அப்படி ஒரு சந்தோஷம். அகராதிக்குக் கண் கலங்கியது. ஒரு சொல் இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் புரிந்ததை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

மேடத்தின் முகம் மட்டும் மாறியது. குறிப்பேட்டைத் திறந்தார்.

"என்ன சார் இது? இத்தனை பேருக்கும் அடி பட்டிருக்கா?"

"அது... சின்னச் சின்னக் கீறல்தான் மேடம்" என்றார் மேனேஜர். நெற்றி வியர்த்துவிட்டது. "ஏம்மா, இப்ப யாருக்கும் ஒண்ணும் இல்லையே? சொல்லுங்கம்மா மேடம்கிட்ட."

பேக்கிங் அக்கா முன்னால் வந்தார். கதவைத் திறந்து, தொங்கிய சுருள்களை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் நின்றார். தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பினார். கண்ணாடி வழியாக மேனேஜரைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார், வாயைப் பிளந்துகொண்டு நின்ற புயலைப் பார்த்தார். தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வெளியே வந்தார்.

"அடி யாருக்கும் படல மேடம்" என்றார் அக்கா. "தினம் அட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு யூனிபாரம் மாத்தறோமே, அதுக்கு ஒரு மறைவு கேட்டோம். சாருங்க அதைக் கண்ணாடியிலயே கட்டிக் குடுத்திருக்காங்க!"